மார்த்தா என்ன பதில் சொன்னாள்

டொனாட்டா காப்பித் தட்டைக் கீழே வைத்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு. அதற்குப் பிறகு ஒரு மாதம் மொந்தெசெல்வா ஊரில் பல பேருக்கு வாய்க்கு ருசியாக எதுவும் கிடைக்கவில்லை.

பங்குக் கோவிலுக்குப் பின்னால் ஒரு கூடம் இருந்தது. கூடத்தை ஒட்டிச் சமையற்கட்டு. ஞானஸ்நான விருந்து, திருவிழாச் சாப்பாடு, செத்த வீட்டுச் சாப்பாடு என்று எதுவானாலும் அந்த அடுப்பில் டொனாட்டாவின் கைதான். ஐம்பத்திரண்டு வயது, கட்டுக்குட்டான உடம்பு, யாருக்கும் அடங்காத நாக்கு. ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அவள் ரொட்டிச் சூளையில் வைத்தால் மூன்று தெரு தள்ளி இருப்பவன்கூடத் தனக்கு அங்கே ஏதாவது வேலை இருக்கிறதா என்று யோசிப்பான்.

வியாழக்கிழமைதோறும் அந்தக் கூடத்தில் வேதம் வாசிக்கும் கூட்டத்தை ஆரம்பித்தது பங்குச் சாமியாரான எலீஜியோ சாமி. முப்பத்தொரு வயது. போன இலையுதிர்காலத்தில் வடக்கேயிருந்து இந்த மலையூருக்கு மாற்றலாகி வந்தவர். வரும்போது துணிமணிக்கு ஒரு சின்னப் பையும், பைபிள்களுக்கு இரண்டு பெரிய பெட்டிகளும் கொண்டுவந்தார். பூசையில் இலத்தீன் போய்த் தாய்மொழி வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருந்தது. வேதப் புத்தகம் என்றால் அது பீடத்தில் இருப்பது, சாமியார் வாசிப்பது, நாம் எழுந்து நின்று கேட்பது என்றே ஊர் பழகியிருந்தது.

"வேதம்கிறது உங்க பேருக்கு வந்த கடுதாசி" என்றார் முதல் கூட்டத்தில். "பெல்ஜியத்துலேர்ந்து உங்க பையன் கடுதாசி போட்டா, பிரிக்காம முத்தம் கொடுத்து அலமாரியில வச்சுருவீங்களா?"

ஆண்பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போயிருந்த அந்த ஊரில் கடுதாசிக்குக் காத்திருக்காத வீடே கிடையாது. பெண்கள் மறு வாரமே வரத் தொடங்கிவிட்டார்கள். டொனாட்டாவும் வந்தாள், ஆனால் கூடத்துக்கு அல்ல, சமையற்கட்டுக்கு. கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, சோம்பு போட்ட வளைய ரொட்டிகளைச் சுட்டபடி, நின்றுகொண்டே கேட்பாள். முன் வரிசையில் அவளுடைய தங்கை வீத்தா உட்கார்ந்திருப்பாள். வீத்தாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டோடுதான் இருந்தாள். நல்ல மனசு, நல்ல குரல், பூத்தையல் போடுவதில் கெட்டிக்காரி. ஆனால் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் மட்டும் எங்கே போவாள் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை சாமி லூக்கா நற்செய்தியில் பத்தாம் அதிகாரத்தை எடுத்தார். இயேசு ஒரு வீட்டுக்கு வருகிறார். அக்கா மார்த்தா விருந்து ஏற்பாட்டில் அல்லாடுகிறாள். தங்கை மரியா அவர் காலடியில் உட்கார்ந்து பேச்சுக் கேட்கிறாள். இவளை எனக்கு ஒத்தாசை செய்யச் சொல்லுங்கள் என்று மார்த்தா கேட்க, மார்த்தா, மார்த்தா, நீ ஏன் இத்தனையை நினைத்துக் கவலைப்படுகிறாய், மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள், அது அவளிடமிருந்து எடுக்கப்படாது என்கிறார் இயேசு.

சாமி புத்தகத்தை மூடினார். "ஆக, நாமெல்லாம் மரியாவைப் போல இருக்கணும்" என்றார்.

வீத்தா மெல்லத் திரும்பிச் சமையற்கட்டுக் கதவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தக் கணத்தில்தான் டொனாட்டா பதினெட்டுக் கோப்பைக் காப்பியோடு வாசலில் வந்து நின்றாள்.

தட்டை அருகிலிருந்த மேசையில் வைத்தாள். சமையலுக்குக் கட்டியிருந்த மேலங்கியை அவிழ்த்து மடித்தாள். நேராக முன் வரிசைக்குப் போய், "கொஞ்சம் தள்ளு" என்று தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, காப்பி?" என்றார் சாமி.

"நானும் நல்ல பங்கைத் தேர்ந்துக்கிட்டேன் சாமி. அதை யாரும் எடுக்க முடியாதுன்னு இப்பத்தானே வாசிச்சீங்க. ரொட்டி சூளைக்குள்ள இருக்கு. கருகறதுக்குள்ள யாராவது போய் எடுங்க."

யாரும் போகவில்லை. ரொட்டி கருகியது.

"அக்கா, சத்தியமா நான் சிரிக்கல" என்றாள் வீத்தா, வீட்டுக்குப் போகும் வழியில்.

"நீ சிரிக்கல. உன் பல்லு தானா வெளிய வந்து காத்து வாங்கிச்சு."

அன்றிலிருந்து டொனாட்டா அடுப்புப் பக்கமே போகவில்லை. கோவிலிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. அவள் புருஷன் கானியோ, சாலை போடும் வேலைக்காரன், ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்கிற ஆள், இரண்டு நாள் ரொட்டியும் வெங்காயமும் சாப்பிட்டுப் பார்த்தான். மூன்றாம் நாள் வீத்தா பாஸ்தா செய்தாள். கானியோ ஒரு வாய் வைத்தான்.

"வீத்தா, இதை நான் பள்ளத்துக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? அங்க ரோட்டுல ஒரு குழி, என்ன போட்டு அடைச்சாலும் நிக்கவே மாட்டேங்குது."

"சாப்பிடுங்க அத்தான். ஆண்டவர் கொடுத்தது."

"ஆண்டவர் கோதுமைதான் கொடுத்தாரு. மேற்கொண்டு செஞ்சது நீ."

டொனாட்டா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு ஒரு கேள்வி மண்டையைக் குடைந்தது. மறு வியாழக்கிழமை முன் வரிசையிலிருந்தே கேட்டாள்.

"சாமி, அவர் அப்படிச் சொன்னாரு சரி. அதுக்கு மார்த்தா என்ன பதில் சொன்னா?"

எலீஜியோ சாமி புத்தகத்தைப் பிரித்தார். அடுத்த வரியைப் பார்த்தார். அடுத்த வரியில் வேறு ஊர், வேறு சம்பவம். "லூக்கா அதை எழுதலம்மா."

"எழுதலையா? வீட்டுக்கு வந்த விருந்தாளி, அடுப்படியில வேகறவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. அவ வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டாளாக்கும்? எந்த ஊருல சாமி நடக்கும்?"

பின்னாலிருந்து தபால்காரர் பெண்டாட்டி ரொக்கீனா, "டொனாட்டா வீட்டுல நடக்காது" என்றாள். கூடம் சிரித்தது.

"நாலு பேரு எழுதினாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் டொனாட்டா விடாமல். "லூக்கா ஆம்பிளை, மறந்திருப்பாரு. மத்த மூணு பேருல யாராவது அவகிட்டக் கேட்டிருப்பாங்க. புத்தகத்தைக் கொடுங்க, நான் பார்த்துக்கறேன்."

அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு மாவுப் பையின் மேல் இருக்கும் எழுத்தையும், தம்பியின் கடுதாசிகளையும் தவிர எதையும் படித்ததில்லை. சாமி ஒரு பிரதியை நீட்டினார். யோவான் நற்செய்தியைப் பார் என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன நினைத்தாரோ, சொல்லாமல் விட்டுவிட்டார்.

எங்கே தேடுவது என்று தெரியாததால் அவள் மத்தேயு முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து, சத்தமாகத்தான் படிப்பாள். மனதுக்குள் படிக்க அவளுக்குத் தெரியாது. கட்டிலில் கானியோ புரண்டு படுப்பான்.

"ஆபிரகாமுக்கு ஈசாக்கு, ஈசாக்குக்கு யாக்கோபு…"

"இது என்னடி, பஞ்சாயத்து ஆபீசுல பிறப்புச் சான்று வாங்கற மாதிரி இருக்கு?"

"பேசாம இருங்க, தாவீது ராசா வந்தாச்சு."

நாற்பத்தி இரண்டு தலைமுறை முடிந்ததும் கானியோவுக்குத் தூக்கம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் கேட்கத் தொடங்கினான். இரண்டாம் வாரத்தில், "நேத்து எங்க விட்டோம்?" என்று அவனே கேட்டான்.

பேதுருவின் மாமியார் காய்ச்சலில் கிடந்து, இயேசு தொட்டதும் எழுந்து பணிவிடை செய்தாள் என்று மத்தேயுவில் வந்தபோது டொனாட்டா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டாள். "காய்ச்சல் விட்ட அந்த நிமிஷமே எழுப்பி வேலை வாங்கியிருக்காங்க. அந்தப் பேதுரு ஒரு வாய் தண்ணி தானா எடுத்துக் குடிக்கக்கூடாதா?" மாற்குவில் அதே மாமியார் மறுபடி வந்தாள். லூக்காவில் மூன்றாம் முறையும் வந்தாள். அப்போது டொனாட்டாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மூணு பேரும் மறக்காம எழுதியிருக்காங்க பாருங்க. சோறு போட்டவ யாருன்னு கவனிச்சிருக்காங்க."

மார்த்தாவின் பதில் மட்டும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் ஊர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயர் வருவதாக இருந்தார். நாற்பது பேருக்கு விருந்து. விழாக் குழு ஒத்திகைக்காகச் சாறு காய்ச்சிப் பார்த்தது; ருசி பார்த்த இரண்டு பேரும் அன்று மாலையே குழுவிலிருந்து விலகிக்கொண்டார்கள். எலீஜியோ சாமி தொப்பியைக் கையில் பிடித்தபடி டொனாட்டா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, தப்பு என்மேலதான். நான் வேற மாதிரி விளக்கியிருக்கணும்."

"நீங்க என்ன சாமி செய்வீங்க. எழுதியிருக்கறதைத்தானே வாசிச்சீங்க."

"ஆயருக்கு இரைப்பை நோய். கண்டதைச் சாப்பிட்டா விழுந்துருவாரு."

"அப்ப உபவாசம் இருக்கச் சொல்லுங்க. ஆயர்தானே."

வாசல்வரை போன சாமி திரும்பி, "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"யோவான் ஒன்பது. பிறவிக் குருடன்."

சாமி ஏதோ சொல்ல நினைத்து, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனை திரும்பும்போது அவர் ஏதோ நல்ல சேதி கேட்டவர்போல வேகமாக நடந்ததை ஜன்னலிலிருந்து கானியோ பார்த்தான்.

பதினோராம் அதிகாரத்துக்கு அவள் வந்தது மறுநாள் மதியம். அன்று கானியோ சாப்பிட வராமல் வேலையிடத்திலேயே இருந்துவிட்டான். வீத்தா ரொக்கீனா வீட்டில் இருந்தாள். பெத்தானியா ஊர், மரியா, அவள் சகோதரி மார்த்தா என்று முதல் வரியிலேயே பார்த்ததும் டொனாட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர்களுடைய சகோதரன் லாசரின் கதை அவளுக்குப் புதுசு இல்லை. லாசரைக் கல்லறையிலிருந்து எழுப்பியதைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் அந்தக் கதையில் வரும் அக்காவும் இந்த மார்த்தாவும் ஒரே ஆள் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளாகவும் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஆள் அனுப்பியும் இயேசு உடனே வரவில்லை. சகோதரன் செத்துப் புதைத்து நாலு நாள் ஆகிவிட்டது. அவர் வருகிறார் என்று கேட்டதும் மரியா வீட்டிலேயே உட்கார்ந்திருக்க, மார்த்தா வழியிலேயே போய் மறித்து நின்று சொல்கிறாள்: ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான்.

டொனாட்டாவின் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது.

அவளுக்கும் ஒரு தம்பி இருந்தான். சவேரியோ. பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவன். பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கடுதாசி ஒட்டியிருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு டொனாட்டா கோவிலில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு நேராக நின்று, முகத்தைப் பார்த்து அதே வார்த்தையைச் சொன்னாள். நீ அங்க இருந்திருந்தா என் தம்பி செத்திருக்க மாட்டான். சொன்ன பிறகு தேவதூஷணம் செய்துவிட்டோம் என்று பயந்துபோனாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு, காப்பித் தட்டைக் கீழே வைத்த அந்த வியாழக்கிழமை வரை, அவள் முன் வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. கோவிலுக்குப் போனால் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், நடுவில் ஒரு கதவு இருக்க வேண்டும். சமையற்கட்டு அதற்கு வசதியாக இருந்தது. அவளுடைய சமையலை ஊரே மெச்சியது. ஏன் அங்கேயே நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அதே வார்த்தை பைபிளில் அச்சடித்து இருந்தது. பயந்தபடி அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள், அவர் என்ன திட்டினார் என்று பார்க்க. அவர் திட்டவே இல்லை. உன் சகோதரன் உயிர்த்தெழுவான் என்கிறார். நானே உயிர்த்தெழுதலும் வாழ்வும், இதை நம்புகிறாயா என்று அவளிடம் கேட்கிறார். வேறு யாரிடமும் இல்லை, அடுப்படிக்காரியிடம். ஆம் ஆண்டவரே, நீர்தான் மெசியா, கடவுளின் மகன் என்று நம்புகிறேன் என்கிறாள் மார்த்தா.

டொனாட்டா மேலங்கியின் நுனியால் முகத்தைத் துடைக்கப் போனாள். மேலங்கி கட்டுவதை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் சாமி புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் எழுந்தாள். "சாமி, இன்னிக்கு நான் வாசிக்கட்டுமா? மெதுவாத்தான் வரும்."

"வாசிங்கம்மா" என்று சாமி தன் நாற்காலியை விட்டுக்கொடுத்து, ஓரத்தில் போய் நின்றார்.

அவள் விரலை ஊன்றி, பெயர்களில் தடுக்கி, மூச்சு வாங்கி வாசித்தாள். மார்த்தா வழிமறித்த இடம் வந்ததும் நிறுத்தினாள். "இதை நானும் சொல்லியிருக்கேன்" என்றாள். "சவேரியோவை அடக்கம் பண்ணின அன்னிக்கு. இந்தக் கோவில்லதான். இத்தனை வருஷமா அது பாவம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்." மேலே வாசித்தாள்.

மரியாவை மார்த்தா கூப்பிட்டு அனுப்புகிறாள். மரியா ஓடிவந்து அவர் காலில் விழுந்து, ஆண்டவரே நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டான் என்று அக்கா சொன்னதையே சொல்கிறாள்.

"நானும்" என்றாள் வீத்தா.

டொனாட்டா தலையைத் தூக்கினாள்.

"நானும் சொன்னேன் அக்கா. அன்னிக்கு இல்ல, மறுநாள். நீ திட்டுவியேன்னு உன்கிட்டச் சொல்லல."

அக்கா புத்தகத்தைத் தங்கை பக்கம் திருப்பினாள். பதினாலு வருஷம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். "கிட்ட வந்து உட்காரு" என்றாள். வீத்தா எழுந்து வந்து பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். அடுத்த வரியை டொனாட்டாவால் வாசிக்க முடியவில்லை. வீத்தாதான் வாசித்தாள். இரண்டே சொல். இயேசு அழுதார்.

ரொக்கீனா மூக்கைச் சிந்தினாள். சாமி ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறைக் கல்லைப் புரட்டுங்கள் என்கிறார் இயேசு. டொனாட்டா புத்தகத்தை மறுபடி வாங்கிக்கொண்டாள். "இப்பவும் மார்த்தாதான் பேசறா, கேளுங்க: ஆண்டவரே, நாலு நாளாச்சு, நாறுமே."

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அது பரவி, அழுதுகொண்டிருந்தவர்களையும் பிடித்துக்கொண்டது.

"நீதாண்டி அது" என்றாள் ரொக்கீனா கண்ணைத் துடைத்தபடி. "ஆண்டவர் அதிசயம் செய்ய வந்து நிக்கறாரு, இவ நாத்தத்தைப் பத்திப் பேசறா."

"யாராவது ஒருத்தி யோசிக்க வேணாமா?" என்றாள் டொனாட்டா. "இன்னும் முடியல. அடுத்த அதிகாரத்துல மறுபடி விருந்து. லாசர் பந்தியில உட்கார்ந்திருக்கான். மரியா தைலத்தைக் கொண்டுவந்து அவர் காலுக்குப் பூசறா, வீடே மணக்குது. மார்த்தா பரிமாறினாள்னு போட்டிருக்கு. இத்தனைக்கும் பிறகு அவ அடுப்படிக்குத்தான் போயிருக்கா. இந்தத் தடவை யாரும் அவளை ஒண்ணும் சொல்லல. அவளும் தங்கச்சியைக் கூப்பிட்டு நச்சரிக்கல."

சாமி ஓரத்திலிருந்து வந்தார். "நாலு வருஷம் குருமடத்துல இதைப் படிச்சேன் அம்மா. கிரேக்க மொழியிலகூடப் படிச்சேன். இந்த ரெண்டு இடத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இப்படிப் பார்க்கணும்னு எனக்குத் தோணல."

"நீங்க வாசிச்சது தப்பில்ல சாமி. புத்தகத்தைச் சீக்கிரம் மூடிட்டீங்க, அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு டொனாட்டா சமையற்கட்டைத் திறந்தாள். வீத்தாவும் கூட வந்திருந்தாள். அடுப்பு மூலையில் குவிந்திருந்த பாத்திரங்களைப் பார்த்ததும் வழக்கம்போல அவளுக்கு வெளியே ஏதோ வேலை ஞாபகம் வந்தது. அக்காவின் பார்வையில் அது மறந்தும் போனது. எலீஜியோ சாமிக்கு உருளைக்கிழங்கு தோல் சீவும் வேலை கொடுக்கப்பட்டது. அவர் சீவிய கிழங்குகள் பாதி அளவுக்கு இளைத்துப்போயின. பிடுங்கிக்கொண்டு டொனாட்டா சொன்னாள்: "சாமி, நீங்க வாசிங்க. அப்போஸ்தலர் பணிகள், முதல் அதிகாரம். சத்தமா வாசிங்க, கறி கொதிக்குது."

திருவிழாவன்று ஆயர் ஆட்டுக்கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பொரித்து நொறுக்கிய சிவப்பு மிளகாயை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தவர், யாரும் பார்க்காதபோது அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இரைப்பை ஒன்றும் சொல்லவில்லை போலிருந்தது. விருந்தின் கடைசியில், சமையற்கட்டில் இருந்த எல்லோரும் வெளியே வந்து உட்கார்ந்த பிறகு, பந்தியின் கோடியிலிருந்த கானியோ ஒரு கோப்பைத் திராட்சை ரசத்தின் தைரியத்தில் எழுந்தான்.

"ஆயர் ஐயா, ஒரு சந்தேகம்."

"சொல்லுப்பா."

"அந்த லாசரு நாலு நாள் அந்தப் பக்கம் இருந்துட்டு வந்தானே. அங்க என்ன பார்த்தான்னு யாருகிட்டயும் சொல்லலையா?"

ஆயர் கையைத் துடைத்துக்கொண்டார். "அது எழுதப்படலையேப்பா."

"நாப்பத்திரண்டு தலைமுறைக்கு யாரு யாரைப் பெத்தான்னு பேரு பேரா எழுதத் தெரிஞ்சிருக்கு" என்றான் கானியோ மனத்தாங்கலோடு. "போய்ட்டு வந்தவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோணல பாருங்க."

"வந்த வேகத்துல பசியா இருந்திருக்கும்" என்றாள் வீத்தா. "அக்கா பரிமாறியிருக்கா. வாயில சாப்பாடு இருக்கறப்ப எப்படிப் பேசுவான்?"

ஆயர் வாய்விட்டுச் சிரித்தார். கானியோ மட்டும் சமாதானமாகவில்லை. அடுத்த வியாழக்கிழமை சாலை வேலைக்கார நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, தலைவாரி, சுத்தமான சட்டை போட்டு, நாலு மணிக்கே கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன.